நியமன நாற்காலியும் மானிய நிலமும்

மன்னார் நகரின் உப்புக்குளத்து மாணவியொருத்தி கேட்ட இரண்டு கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம். அரசியல் வகுப்பில் மாகாண சபைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், அதன் வழியே தோன்றிய சபைகள், தனித்த வட மாகாணத்துக்கு 2013 செப்டெம்பரில் முதன்முதலாக நடைபெற்ற தேர்தல் என்று பாடம் சென்றது. அச்சபையின் 38 ஆசனங்களில் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தவை 5 என்று கரும்பலகையில் எழுதினேன். "அந்த ஐந்து பேரில் பெண்கள் எத்தனை பேர், சேர்?" என்றாள் அவள். ஒருவரும் இல்லை. முழுச் சபையிலும் மக்களின் வாக்கினால் நேரே தெரிவானவர் அனந்தி சசிதரன் ஒருவரே. போனஸ் ஆசனத்தின் வழியாக மேரி கமலா குணசீலன் மற்றவர். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடியும்வரை மன்னாரின் குரல் அங்கே ஆண்களின் குரலாகவே இருந்தது.

இரண்டாவது கேள்வி முதலாவதிலும் கூரியது. "பெண்ணொருத்தி உள்ளே போயிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்?"

இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. பிரதிநிதித்துவம் என்ற சொல்லை உச்சரித்தவுடன் அரசியல் முடிந்துவிட்டதாகக் கருதும் கூட்டம் ஒன்று உண்டு. நாற்காலியில் யார் அமர்ந்தாலும் வர்க்க ஆட்சி வர்க்க ஆட்சிதானே என்று கைகழுவிவிடும் கூட்டம் மற்றொன்று. இவ்விரு சாராரும் விடை தேடும் தொல்லையிலிருந்து தப்பிக்கொள்கின்றனர். விடை வேண்டுமாயின், உள்ளே போன ஒரு பெண் உண்மையில் என்ன செய்தாள், எதைச் செய்ய இயலாது போனாள் என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பாக்கு நீரிணையின் அக்கரைக்குப் போவோம். அது நமக்குத் தொலைதூரமன்று. 1914 முதல் 1964ஆம் ஆண்டின் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, சென்னைப் பத்திரிகையும் சென்னைச் செய்தியும் தலைமன்னார்த் துறையில் கப்பலிலிருந்து இறங்கி, எங்கள் ஊர் வழியாகவே ரயிலேறிக் கொழும்புக்குப் போயின.

சமஸ்தானங்களை நீக்கி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரே உட்பட்டிருந்த இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டால், சட்டசபையொன்றில் அமர்ந்த முதற்பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் அமர்ந்தது சென்னை மாகாணச் சட்டசபையில். அவர் அங்கிருந்த காலம் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். 1927இன் தொடக்கத்திலிருந்து 1930இன் நடுப்பகுதி வரை.

அந்தச் சபை எத்தகையது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1919ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இரட்டையாட்சிச் சபை அது. கல்வி, சுகாதாரம் போன்றன மந்திரிகளிடம் விடப்பட்டன. காவல், நிலவரி, நிதி ஆகியன கவர்னரின் கைக்குள் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தவர் 98 பேர். அவர்களைச் சூழ அதிகாரிகளும் நியமனம் பெற்றோரும். வாக்குரிமையோ சொத்துக்கும் வரிக்கும் கட்டுப்பட்டிருந்தது. நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வாக்கில்லாத நாட்டில் 'மக்கள் சபை' என்ற பெயர் சற்றுப் பெரிதுதான். பெண்களுக்கு வாக்களிப்பதா இல்லையா என்பதை அந்தந்த மாகாணச் சபையே தீர்மானிக்கட்டும் என்று லண்டன் விட்டுவிட்டது. சென்னைச் சபை 1921இல் அத்தடையை நீக்கியது. ஆயினும் சொத்துள்ள பெண்ணுக்குத்தான் வாக்கு. சொத்துள்ள பெண் எத்தனை பேர்?

பெண்கள் அங்கத்தவராகலாம் என்ற அனுமதி 1926இலேயே வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தென் கன்னடத்தில் கமலாதேவி சட்டோபாத்யாயர் போட்டியிட்டுச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் வழி மூடிக்கொண்டது. 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்டிருந்த இந்திய மாதர் சங்கம், நியமன வழியில் ஒரு பெண்ணையாவது சபையில் அமர்த்த வேண்டுமென்று அரசாங்கத்தை வற்புறுத்தியது. அவ்வாறு நியமனம் பெற்றவரே முத்துலட்சுமி. வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்று அவர் முதலில் தயங்கினார். சபையில் அமர்ந்த சிறிது காலத்திலேயே அங்கத்தவர்கள் அவரை ஒருமனதாக உபதலைவராகத் தெரிந்தெடுத்தனர். ஒருமனதான தெரிவில் பெருந்தன்மையும் இருக்கலாம், 'இந்த அம்மையாரால் நமக்கென்ன ஆபத்து' என்ற அலட்சியமும் இருக்கலாம். அடுத்த மூன்றாண்டுகளில் அந்த அலட்சியத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

அவருடைய இளமையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில், தேவதாசிக் குடும்பத்தில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மகள் சேர்ந்தபோது தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டிய பெற்றோரும் இருந்தனர். மன்னரின் இசைவு இருந்தமையால் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை, சாதி கடந்து, பதிவுச் சட்டத்தின்கீழ் மணந்தார். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், 1926இல் பாரிஸில் கூடிய சர்வதேசப் பெண் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஊர் திரும்பியபோது நியமனம் காத்திருந்தது. தந்தையின் சாதியோ தாயின் சாதியோ அவரை முழுதாகத் தன்னவர் என்று கொண்டாடியிராது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சபையில் அவர் முதலில் வைத்தியராகவே பேசினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்திய பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி, ஏழைப் பெண் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுமியருக்கு உதவிப்பணம், முஸ்லிம் மாணவியருக்கு விடுதி. வரவு செலவுத் திட்டத்தின் மூலைகளில் கிடக்கும் சில ஆயிரம் ரூபாய்களைப் பற்றிய வாதங்களே இவை. ஆனால் சட்டசபை வேலையின் பெரும்பகுதி இதுதான் என்பதை மேடைப் பேச்சு அரசியலுக்குப் பழகிய நாம் மறந்துவிடுகிறோம். விவாக வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்றாவது உயர்த்த வேண்டுமென்று அவர் சிபாரிசு செய்தார். 1929இல் டில்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் 14, 18 என்பதோடு நின்றுவிட்டது. பிரசவ அறையில் பதின்மூன்று வயதுத் தாய்மாரைக் கண்டவரின் எண்ணுக்கும், பேரம் பேசிச் சட்டம் இயற்றியோரின் எண்ணுக்கும் இடையே இரண்டாண்டு வித்தியாசம். இலங்கையிலும் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் வயதைத் திருத்தக் கோரி முஸ்லிம் பெண்களே பல பதிற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கின்றனர் என்பதை உப்புக்குளத்து வாசகருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. விபசார விடுதிகளை ஒடுக்கும் சென்னைச் சட்டம் 1930இல் வந்ததிலும் முத்துலட்சுமிக்குப் பங்குண்டு.

ஆயினும் அவரது பெயர் வரலாற்றில் நிற்பது பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான போராட்டத்தினாலேதான். சிறுமியொருத்தியைக் கோயில் தெய்வத்துக்கு மணமுடித்ததாகச் சடங்கு செய்து, பின்னர் அவளுக்கு வேறு விவாகமே இல்லாமற் செய்யும் வழக்கம் அது. நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சின்னமேளக் கூட்டங்கள் கடல் கடந்து வந்தன. ஆறுமுக நாவலர் அதனைக் கண்டித்தார். அவர் கண்டித்தது கோயிலின் தூய்மைக்காக; ஆடியவளின் வாழ்வைப் பற்றிய கவலை அதில் இரண்டாம் பட்சமே. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் முத்துலட்சுமியின் முயற்சி எங்கே புதிது, எங்கே பழையது என்பது புலப்படும்.

1927 நவம்பரில் அவர் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். இந்துக் கோயில்களுக்குச் சிறுமியரை அர்ப்பணிப்பதை நிறுத்தச் சட்டம் இயற்றுமாறு அரசாங்கத்தைக் கேட்கும் பிரேரணை அது. சபை அதனை ஏற்றது. ஏற்றபின் வழக்கம்போல 'ஆனால்' என்ற சொல் தலையெடுத்தது. தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கனவே இருக்கின்றனவே, பதினெட்டு வயதுக்குட்பட்டவரை விபசாரத்துக்குக் கைமாற்றுவது குற்றம்தானே, புதிய சட்டம் எதற்கு என்றனர். பிரிவுகள் இருந்தன, வழக்குகள் நிலைக்கவில்லை. கோயிலில் நடந்தது சமயச் சடங்கு, வேறு நோக்கம் ஏதுமில்லை என்று பெற்றோர் சொன்னால் அந்நோக்கத்தை நிரூபிப்பது யார்? அர்ச்சகரா சாட்சி சொல்லுவார்? மைசூர் சமஸ்தானம் 1909இலேயே தன் கோயில்களில் தாசிச் சேவையை நிறுத்தியிருந்தது. மன்னராட்சி செய்ததைச் சென்னையின் சட்டசபை ஆட்சி செய்யத் தயங்கியது.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. காங்கிரசின் சிறந்த பேச்சாளரான எஸ். சத்தியமூர்த்தி, கலையும் சமயமும் அழிந்துவிடும் என்று வாதிட்டார். அந்நியனின் சட்டம் நம் கோயிலுக்குள் நுழைவதா என்பது அவர் போன்றோரின் கேள்வி. இந்த விவாதத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. முத்துலட்சுமி ஒரே வாக்கியத்தில் அவரது வாயை அடைத்துவிட்டார் என்று. கைதட்டலுக்கு உகந்த கதை. அதனை இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. சாமர்த்தியமான பதிலொன்றினால் பொட்டுக்கட்டு ஒழிந்ததாக மாணவர்கள் நம்பிவிட்டால், உண்மையில் என்ன நடந்தது என்பது மறைந்துபோகும்.

உண்மையில் நடந்தது நிலத்தைப் பற்றியது.

கோயிற் பணி செய்யும் தாசிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மானிய நிலம் இருந்தது. சில இடங்களில் நிலமே மானியம். வேறு சில இடங்களில் நிலத்தின் வரி மட்டும் மானியம். எப்படியாயினும் நிபந்தனை ஒன்றே. பணி நடந்தால் நிலம். பணி நின்றால் நிலம் போயிற்று. பணி நடப்பதற்குத் தலைமுறைக்கு ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். மகள் இல்லாவிடின் ஒரு சிறுமியைத் தத்தெடுக்க வேண்டும். ஆகவே கழுத்தில் ஏறிய பொட்டு, தெய்வத்தின் தாலி மட்டுமன்று. அது காணி உறுதியும் ஆகும். தாய் தன் மகளைக் கோயிலுக்கு விட்டாள் என்று பழி சொன்ன சீர்திருத்தக்காரர் பலர், அவள் விடாவிட்டால் குடும்பம் எங்கே போகும் என்று கேட்கவில்லை. சமய வழக்கம் என்று காணப்படும் ஒன்றைத் தோண்டினால் அடியில் சொத்துறவு தென்படும் என்பதை நம் வாசகருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1928இல் அதனைக் கண்டு மசோதாவாக எழுதியவர் மார்க்சியர் எவருமல்லர், அரசாங்கம் நியமித்த ஒரு வைத்தியப் பெண்மணி என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் கொண்டுவந்தது இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். 1929இல் அது அவ்வாண்டின் 5ஆம் சட்டமாக நிறைவேறியது. மூலச் சட்டத்தில் 44-அ என்ற பிரிவு சேர்ந்தது. அதன் உள்ளடக்கம் எளிது. மானியத்தைப் பணி நிபந்தனையிலிருந்து விடுவித்து, கோயிலுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை செலுத்துவதோடு நிலத்தை அக்குடும்பத்துப் பெண்ணிடமே விட்டுவிடுவது. இனிப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்று எவரும் அச்சுறுத்த முடியாது. பொட்டுக்கட்டுவதை இச்சட்டம் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ஒழுக்கத்தைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை மட்டும் அறுத்தது. மூன்றரை ஆண்டுகளில் அவர் செய்தவற்றுள் மிகக் கூரியது இதுவே என்பது என் துணிபு. பிற்காலத்தில் அவருக்குச் சிலை வைத்தோர் இதனை அதிகம் பேசுவதில்லை. நிலம் கவிதைக்கு வசதியான பொருளன்று.

ஆனால் இச்சட்டத்தின் ஓட்டைகளும் நிலத்தின் வடிவத்திலேயே இருந்தன. மானியம் இல்லாத தாசிக்கு இது எதையும் தரவில்லை. சிறு கோயில்களில் திருவிழாக் கூலிக்கு ஆடியவளுக்கும், ஊர் ஊராகச் சென்ற மேளத்தில் இருந்தவளுக்கும் விடுவிப்பதற்கு நிலம் எங்கே? மற்றொன்று. இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை ஏறக்குறைய இல்லாத அந்நாளில், தாசிக் குடும்பத்தில் மட்டும் பெண் சொத்தாண்டாள். தாயின் சொத்து மகளுக்குச் சென்றது. பெண் தத்தெடுக்கலாம் என்று நீதிமன்றங்களும் ஏற்றிருந்தன. பணியிலிருந்து விடுபட்ட நிலம் மற்றைய நிலத்தைப் போலாகியபோது, ஆண் வாரிசும் பங்கு கேட்க வழி திறந்தது. அக்குலத்து ஆண்களின் சங்கங்கள் சீர்திருத்தத்தை உற்சாகமாக ஆதரித்ததற்கு மானவுணர்ச்சி ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அது மட்டுமே காரணமா என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கேட்டிருக்கின்றனர், அக்கேள்வி நியாயமானது.

தாசிப் பெண்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாழ்விலிருந்து வெளியேறி, காங்கிரசிலும் பின்னர் சுயமரியாதை இயக்கத்திலும் நின்று, ஊர் ஊராகச் சென்று பொட்டறுக்கப் பிரசாரம் செய்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். சட்டசபைக்குள் முத்துலட்சுமிக்குக் கிடைக்காத பலம் சபைக்கு வெளியே இத்தகையோரிடமிருந்தும், பெரியார் ஈ. வெ. ராமசாமியிடமிருந்துமே வந்தது. மறுபுறம் சென்னையில் தேவதாசிகள் சங்கம் கூடி அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்பியது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். நாங்கள் விபசாரிகள் அல்லர், எங்கள் பணியையும் விபசாரத்தையும் ஒன்றாக்காதீர்கள், எங்களுக்கு வேண்டியது கல்வி என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இம்மகஜரைச் சுயநலக் கூக்குரல் என்று சீர்திருத்தக்காரர் ஒதுக்கினர். முத்துலட்சுமியும் அதற்கு உரிய செவி கொடுத்தார் என்று சொல்ல முடியவில்லை. அவரது பேச்சில் அப்பெண்கள் மீட்கப்பட வேண்டியவர்களாக வருகின்றனரே ஒழிய, கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்களாக வருவது அரிது. அவர் தாயாரின் மரபில் வந்தவர்கள் அவர்கள் என்பதை எண்ணும்போது இக்குறை மேலும் உறுத்துகிறது. ஒருவேளை அதனாலேயே அவ்வளவு கடுமையாக நின்றார் போலும். மீட்பவரின் குரல் உரத்திருந்த அதே அடையாற்றில் சில ஆண்டுகளுக்குள் வேறொன்றும் நடந்தது. தாசிகளின் 'சதிர்' பரதநாட்டியம் என்ற பெயர் பெற்றது. 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் எழுந்தது. கலை மேற்சாதி வீட்டுக் கூடத்துக்குக் குடிபோயிற்று. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவளோ, பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் நீங்கலாக, தெருவில் நின்றாள். இதற்கு முத்துலட்சுமியைப் பொறுப்பாளியாக்குவது அநியாயம். ஆயினும் ஒரு சட்டம் யாருடைய கையிலிருந்து எதை விடுவித்து யாருடைய கையில் சேர்க்கிறது என்பதை, சட்டம் நிறைவேறிய நாளன்று கைதட்டுபவர் அறியார்.

1930இன் தொடக்கத்தில் அவர் அடுத்த மசோதாவைக் கொண்டுவந்தார். பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கி, தாசி செய்துகொள்ளும் விவாகம் செல்லும் என்று பிரகடனம் செய்யும் மசோதா. அது பொதுமக்களின் அபிப்பிராயத்துக்குச் சுற்றுக்கு விடப்பட்டது. சுற்றிக்கொண்டிருக்கையில் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது.

உப்புக்குளம் என்று பெயர் தாங்கிய ஊரில் உப்பு வரியைப் பற்றி விளக்கவுரை வேண்டியதில்லை. கடல் கொண்டுவந்து காயவைத்துப் போகும் பொருளை அள்ளுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற ஏகபோகம் இக்கரையிலும் ஆண்டதுதான். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர் நடந்தனர். அப்போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். காங்கிரஸ் பகிஷ்கரித்த சைமன் குழுவின் துணையான ஹார்ட்டாக் கல்விக் குழுவில் அங்கத்தவராகச் சென்றவர் அவர். அரசாங்கத்தோடு ஒத்துழைத்து ஒரு சட்டமேனும் பெறுவோம் என்ற கொள்கையினர். அவர் கையில் முற்றுப்பெறாத மசோதா இருந்தது. அவர் வெளியேறினால் அதனைத் தாங்க ஆளில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் போனார். அது சரியா? தேசமே சிறைக்குப் போகும்போது நியமன நாற்காலியில் அமர்ந்திருப்பது மானக்கேடு என்பது ஒரு விடை. தேசத்துக்காகப் பதவியைத் துறந்த ஆண்கள், தாசிச் சிறுமியின் மசோதாவை அடுத்த பதினேழு ஆண்டுகள் தூங்கவிட்டனர் என்பது மற்றொரு விடை. இரண்டும் உண்மை. வகுப்பில் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், நியமனம் தந்த கையே நாட்டை அடித்தபோது அவர் வேறெதுவும் செய்திருக்க முடியாது என்பேன். தேர்தலில் வென்று வந்தவராக இருந்திருந்தால் நிலைமை வேறு. கவர்னரின் கடிதத்தால் வந்த நாற்காலிக்குப் பின்னால் வாக்காளர் எவரும் இல்லை. அவர் எழுந்து போனபோது, மசோதாவைத் தொடர்ந்து கேட்க ஒரு தொகுதி இல்லாமற் போனது.

சபையை விட்டபின் அவர் செய்தவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளன. கதவைத் தட்டிய தாசிக் குடும்பத்துச் சிறுமியரை எந்த விடுதியும் ஏற்காதபோது தொடங்கிய ஔவை இல்லமும், 1954இல் அடையாற்றில் திறந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இன்றும் அவர் பெயர் சொல்லும். 1968 ஜூலை 22இல் காலமானார். பொட்டுக்கட்டைத் தடை செய்த சட்டம் 1947இன் பிற்பகுதியில், அந்நியர் போனபின், அவ்வாண்டின் 31ஆம் சட்டமாக வந்தது. வேதாரணியத்தில் சிறைபட்ட ருக்மிணி லட்சுமிபதியோ 1937இல் தேர்தல் வழியே சபை புகுந்து உபசபாநாயகராகி, 1946இல் சுகாதார மந்திரியுமானார். நியமனத்தால் ஒருத்தி திறந்த கதவினூடே வாக்கினால் மற்றொருத்தி நுழைந்தாள்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். சென்னையில் சொத்துள்ள பெண்ணுக்கு மட்டும் வாக்கிருந்த அக்காலத்திலேயே இலங்கையில் 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. பெண்ணுக்கு முப்பது வயது ஆகட்டும் என்று டொனமூர் குழு முதலில் கூறியது; முடிவில் இருபத்தொன்று என்றாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் வாக்குரிமையை எதிர்த்தவர்களுள் ஒருவர் என்பதை நம் பாடநூல்கள் மெல்லக் கடந்துபோகின்றன. 1931இல் அடலின் மொலமூரேயும், 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர், பின்னவர் தமிழ்ப்பெண். ஆக, கரைக்கு இப்பால் சொத்தில்லாத மன்னார்ப் பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. அக்கரையில் சட்டசபை உபதலைவரின் வேலைக்காரிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே கரைவழியாகத் தோட்டங்களுக்கு நடந்தும் ரயிலேறியும் போன தமிழகக் கூலிப்பெண்ணுக்கு வாக்கு நிபந்தனைகளோடு வந்து, 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பறிபோயிற்று. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்து, 2018 தேர்தலில் நடைமுறையாயிற்று. அவ்வழியே வந்த பெண்களுட் பலர் நேரே வட்டாரத்தில் வென்றவரல்லர், கட்சிப் பட்டியலால் வந்தவர்கள். நியமன நாற்காலி புது வடிவில் நம் பிரதேச சபைகளில் இருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து இகழ்வோர் 1929ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

இவ்வளவையும் இரண்டு பாடவேளைகளில் சொல்லி முடித்தேன். மணியடித்தபின் அந்த மாணவி மட்டும் நின்றாள். சத்தியமூர்த்தியைப் பற்றியும் கேட்கவில்லை, காந்தியைப் பற்றியும் கேட்கவில்லை. "அந்தப் பொம்பிளையளின்ர கையில உறுதி இருந்ததா, சேர்? எழுத்தில குடுத்தவையா?" என்று கேட்டாள். 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உப்புக்குளத்து வீட்டையும் வளவையும் விட்டுப் படகேறிய குடும்பமொன்றின் பேத்தி அவள்.